ஒரே கணினியில் பல தரவுத்தள சேர்வர்கள்: பிரிவது எது, பிரியாதது எது?

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ32 வீதியில் இருக்கிறது இலுப்பைக்கடவை. கடற்றொழிலும் நெற்செய்கையும் வாழ வைக்கும் ஊர். இத்தகைய ஊர்களில் ஒரு சங்கமோ சிறு அலுவலகமோ கணினிமயமானால், உறுப்பினர் பதிவு, கணக்கு, களஞ்சிய இருப்பு எல்லாம் பெரும்பாலும் ஒரே கணினியில்தான் வந்து சேரும். மென்பொருள்கள் கூடும்போது ஒரு கேள்வி எழுகிறது. எல்லாவற்றையும் ஒரே தரவுத்தள சேர்வருக்குள் வைப்பதா, அல்லது ஒவ்வொன்றுக்கும் தனித் தரவுக் கோப்புறையுடன் தனி சேர்வர் ஓட்டுவதா?

இரண்டாவது வழி தொழில்நுட்பத்தில் கடினமானதல்ல. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒவ்வொரு சேர்வருக்கும் சொந்தக் கோப்புறை, சொந்த அமைப்புக் கோப்பு, சொந்தப் போர்ட் எண் உண்டு. முதலாவது 5432இல் ஓடினால், டெபியன் லினக்ஸில் அடுத்ததை உருவாக்கும் கட்டளை தானாகவே 5433ஐ எடுத்துக்கொள்கிறது. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளிலும் கோப்புறை, போர்ட், சாக்கெட் கோப்பு மூன்றையும் பிரித்துக் கொடுத்தால் போதும். மீறக் கூடாத விதி ஒன்றுதான்: ஒரே கோப்புறையை இரண்டு சேர்வர்கள் தொடக் கூடாது. போஸ்ட்கிரெஸ் இதற்கென ஒரு பூட்டுக் கோப்பை வைத்து, இரண்டாவது சேர்வர் எழும்போதே தடுத்துவிடும். சேர்வர் ஓடிக்கொண்டிருக்க, அந்தப் பூட்டுக் கோப்பைக் கையால் அழித்துத் தடையைத் தாண்டுபவர் தரவைச் சிதைக்கிறார்.

இந்த முறையின் உண்மையான பலம் மீட்பில் தெரிகிறது. போஸ்ட்கிரெஸின் மாற்றப் பதிவேடு சேர்வர் முழுவதற்கும் பொதுவானது. ஆகவே, நேற்று மாலை 4 மணி நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றால், அந்த சேர்வருக்குள் இருக்கும் எல்லாத் தரவுத்தளங்களும் சேர்ந்தே திரும்பும். கணக்கில் நேர்ந்த பிழையைத் திருத்தப் போய், உறுப்பினர் பதிவேட்டின் இன்றைய உழைப்பையும் இழக்க நேரும். அதைத் தவிர்க்க வேறோர் இடத்தில் மீட்டெடுத்து, வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். கோப்புறைகள் தனித்தனியாக இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. பயனர் கணக்குகளும் சேர்வர் மட்டத்திலேயே இருப்பதால், ஒன்றின் கணக்கு மற்றொன்றில் தானாகச் செல்லுபடியாகாது.

அடுத்த பலம் பதிப்பு மாற்றத்தில் கிடைக்கிறது. போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரும் பதிப்பும் ஏறத்தாழ 5 ஆண்டுகளே பராமரிக்கப்படும். 2019இல் வந்த 12ஆம் பதிப்பின் காலம் 2024 நவம்பரில் முடிந்தது. பழையதையும் புதியதையும் தனிக் கோப்புறைகளில் பக்கத்தில் பக்கமாக ஓட்டி, சோதித்து, பிறகு மாறுவது நிதானமான வழி. இன்னொரு கணினி வாங்க வசதியில்லாத இடத்தில் இது பெரிய ஆறுதல்.

விலையும் உண்டு. முதல் செலவு நினைவகம். ஒரு சேர்வரின் பகிர்வு நினைவகத்துக்கு மொத்த நினைவகத்தில் கால்பங்கை ஒதுக்கலாம் என்பது போஸ்ட்கிரெஸ் ஆவணங்களில் உள்ள பொதுவான அறிவுரை. கணினியில் ஒரே சேர்வர் இருக்கும்போதுதான் அது பொருந்தும். 8 ஜிபி கணினியில் மூன்று சேர்வர்களுக்கும் கண்மூடித்தனமாக இதைச் செய்தால் 6 ஜிபி போய்விடும். நெருக்கடியில் இயங்குதளமே ஏதோவொரு சேர்வரைக் கொன்றுவிடலாம். வட்டு நிரம்பினால் மூன்றும் சேர்ந்தே நிற்கும்.

இரண்டாவது விலை குழப்பம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் நடந்ததை ஒவ்வொரு நிர்வாகியும் படிக்க வேண்டும். முதன்மை சேர்வரின் நகலாக ஓடும் துணை சேர்வரின் தரவுக் கோப்புறையைத் துடைத்துவிட்டு மறுபடி நிரப்ப முயன்ற பொறியாளர், துடைக்கும் கட்டளையை முதன்மை சேர்வரில் கொடுத்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிபி தரவில் சொற்பமே மிஞ்சியது. அங்கே கணினிகள் இரண்டு, பெயர்களும் வேறு. ஒரே கணினியில் ஒற்றை எண் மட்டும் மாறுபடும் இரு கோப்புறைகளுக்கிடையே கை தவறுவது இன்னும் எளிது.

அதைவிட ஆழமான பாடம் காப்புப் பிரதியில் இருந்தது. தரவு போஸ்ட்கிரெஸ் 9.6ஆம் பதிப்பில் இருக்க, பிரதி எடுக்கும் கருவி 9.2ஆக ஓடித் தோற்றுக்கொண்டிருந்தது. எந்தப் பதிப்பு என்பதைத் தரவுக் கோப்புறையைப் பார்த்தே அந்தக் கருவி தீர்மானிக்கும். அது ஓடிய கணினியிலோ அந்தக் கோப்புறையே இல்லை. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. தற்செயலாக ஆறு மணிநேரம் முன்பு எடுத்த வேறொரு பிரதிதான் கைகொடுத்தது. பல பதிப்புகளைச் சேர்த்து ஓட்டும் எவருக்கும் இந்த ஆபத்து அன்றாடம் உண்டு.

மூன்றாவதாக, கோப்புறை பிரிந்தாலும் விபத்து பிரிவதில்லை. 2023 ஆகஸ்டில் இலங்கை அரச மேகக் கணினியைப் பணயத் தீம்பொருள் தாக்கியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் தொலைந்தன. இணைப்பிலேயே இருந்த காப்புப் பிரதியும் தாக்குதலில் சிக்கியது. அந்தக் காலத்துக்குத் துண்டித்து வைத்த பிரதி இருக்கவில்லை. 2022இன் நீண்ட மின்வெட்டுகளும், 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் நேர்ந்த மின்தடையும் இன்னொன்றைச் சொல்கின்றன: மின்சாரம் போனால் அந்தக் கணினியின் எல்லா சேர்வர்களும் ஒரே நொடியில் விழும். முதன்மையையும் அதன் துணையையும் ஒரே கணினியில் வைத்து, அதைப் பாதுகாப்பு என்று நம்புவது ஆபத்தான ஏமாற்றம்.

ஆகவே இந்த முறையை ஒதுக்கவும் வேண்டாம், அதற்கில்லாத தகுதியை ஏற்றிச் சொல்லவும் வேண்டாம். மனிதப் பிழையின் பரப்பைச் சுருக்கவும், பதிப்பு மாற்றத்தைப் பத்திரமாக்கவும், மீட்பை எளிதாக்கவும் இது நல்ல கருவி. மென்பொருள்கள் ஒன்றையொன்று சார்ந்திருந்து, ஒரே நேர நிலைக்குச் சேர்ந்தே திரும்ப வேண்டுமானால் ஒரே சேர்வரே பொருத்தம். பிரிக்கிறவர்கள் கோப்புறைக்கும் சேவைக்கும் வேலையைச் சொல்லும் பெயர் வைக்கட்டும். நினைவகத்தை மொத்தத்திலிருந்து பங்கிடட்டும். ஒவ்வொரு சேர்வருக்கும் அதே பதிப்பின் கருவியால் பிரதி எடுக்கட்டும். யூபிஎஸ் ஒன்றும், வாரந்தோறும் கழற்றி வேறு கட்டடத்தில் வைக்கும் வட்டு இரண்டும் இல்லாத அலுவலகம், இரண்டாவது சேர்வரை அமைப்பதற்கு முன்னர் அவற்றுக்கே பணம் ஒதுக்க வேண்டும்.