செத்தவர் குரலும் ‘மாட்டேன்’ என்ற சொல்லும்

நைனார்பாளையத்தில் போன மாசம் ஒரு சாவு. மைக் செட்காரர் பென் டிரைவைச் செருகிவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒரு பெண் யாருக்கோ பாடிய ஒப்பாரி இந்தக் கிழவிக்காக ஒலித்துக்கொண்டிருந்தது. ஒப்பாரிக்குப் பேர்போன என் பெரியம்மா வாயில் வெற்றிலையோடு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

மனிதப் படைப்புக்கு எந்திரம் பதிலியாகிவிடுமா என்ற விவாதத்தை இந்தப் பந்தலிலிருந்து தொடங்கலாமெனப் படுகிறது. 1997இல் இறந்த சாகுல் ஹமீதையும் 2022இல் இறந்த பம்பா பாக்யாவையும் ‘லால் சலாம்’ படத்துக்காகச் செயற்கை நுண்ணறிவின் வழி 2024இல் மீண்டும் பாடவைத்தார் ஏ.ஆர்.ரஹ்மான். குடும்பத்தாரின் அனுமதி பெற்று ஊதியமும் தந்ததாக அவரே அறிவித்தார். ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலைக் கேட்காமலே உருவாக்கிவிட்டார்கள் என்று அதே ஆண்டு அவர் மகன் சட்ட அறிவிப்பு அனுப்பினார். முன்னது நேர்மை, பின்னது திருட்டு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட முடியுமா?

உடனே நம்மவர்கள் ‘ஆன்மா’வைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ரோலான் பார்த் அறிவித்த ஆசிரியனின் மரணத்தைச் சிற்றிதழ்களில் கொண்டாடியவர்கள் நாம். எந்திரம் வந்ததும் அதே ஆசிரியனைத் தோண்டியெடுத்து மாலை போடுவது வேடிக்கைதான். போகட்டும். ‘மனிதக் கலை’ என்ற சொல் யாருடைய உழைப்பை மறைக்கிறது? சாவுக்குப் பறையடிப்பது சாதி சுமத்திய கட்டாயம். ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று பல ஊர்களில் தலித் மக்கள் மறுத்தார்கள். அந்த இடத்தை ஒலிபெருக்கி நிரப்பியபோது ‘உயிருள்ள இசை போச்சே’ என்று புலம்பியவர் யார், அப்பாடா என்று மூச்சுவிட்டவர் யார்? அதே பறையைத் தாமே விரும்பி எடுத்து மேடையேற்றியபோது அது விடுதலையின் கலையாயிற்று. இரண்டு பறைக்கும் நடுவில் நிற்பது ‘மாட்டேன்’ என்ற ஒற்றைச் சொல்.

எந்திரக் குரலுக்கு இந்தச் சொல் இல்லை. உயிரோடிருக்கும் பாடகன் ‘இந்த வரியைப் பாட மாட்டேன்’ எனலாம். வாரிசும் மறுக்கலாம்தான், ஆனால் அது சொத்தின் மீதான மறுப்பு. உயிரோடிருப்பவர் மறுத்தாலும் என்ன நடக்கிறது? 2013இல் வந்த ‘ராஞ்சனா’வின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’ 2025 ஆகஸ்டில், செத்த நாயகன் பிழைத்தெழும் எந்திர முடிவோடு திரைக்கு வந்தது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் எதிர்த்தார்கள். உரிமை நிறுவனத்திடம் இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துக் கூத்தில் கட்டியங்காரன் முன்வரிசைப் பெரியதனக்காரரைக் கிண்டலடிப்பது, அடி விழலாமென்று தெரிந்தேதான். கிண்டலை எந்திரமும் எழுதும். அதற்கு அடி விழாது.

ஆக, எந்திரம் பாடுமா என்பது கேள்வியே இல்லை. பாடும், நன்றாகவே பாடும். பேர்பெற்ற பாடகருக்கு வாரிசு உண்டு, வக்கீல் உண்டு. பென் டிரைவில் அழும் அந்தப் பெண்ணுக்கு யார்? கல்வராயன் மலையில் நாம் செல்போனில் பதிந்து வரும் பாட்டிமாருக்கு யார்? அவர்களிடம் நாமாவது கேட்டோமா?

‘நீ ஏன் பெரியம்மா பாடல?’ என்று கேட்டேன்.

‘என் வரப்ப வெட்டுனவடா அவ. அவளுக்கு நான் அழுவ மாட்டேன்.’

மைக் செட் அழுதுகொண்டே இருந்தது.