ஐந்து மணி நேரமும் நூறு மதிப்பெண்ணும்: மருத்துவக் கல்லூரிப் பட்டியல்கள் பற்றி ஒரு குறிப்பு

போன வருஷம் அக்டோபரில் ஒரு ராத்திரி, பழைய டீமில் என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் டெக்ஸாஸிலிருந்து கூப்பிட்டார். "அண்ணா, டாக்டருக்குப் படிக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். எந்தெந்தக் காலேஜுக்கு அப்ளை பண்றதுன்னுதான் குழப்பம். நீங்கதான் எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பீங்களே, ஒரு எக்செல் போட்டுத் தர்றீங்களா?"

அவருக்கு 33 வயது. பள்ளிக்கூட வயதில் அப்பா அம்மாவோடு அமெரிக்கா போனவர், குடியுரிமை உள்ளவர். பத்து வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்துக்கொண்டே மாலை வகுப்புகளில் உயிரியல், கரிம வேதியியல் எல்லாம் முடித்திருந்தார். தன்பாலீர்ப்பாளர். எனக்குத் தெரியும், அவர் வீட்டில் தெரியாது. (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நான் பிஇ சேர்ந்த காலத்தில் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது என்றால் கட்-ஆஃப் மார்க்கை வைத்துக்கொண்டு கவுன்சலிங் ஹாலில் போர்டைப் பார்ப்பதுதான். இருக்கிற சீட்டில் நல்லதாக ஒன்று. அமெரிக்க மருத்துவக் கல்லூரி விஷயம் அப்படி இல்லை. பட்டப்படிப்பு முடித்த பிறகுதான் சேர முடியும். சேர்கிறவர்களின் சராசரி வயதே 24 ஒட்டி. மார்க், எம்கேட், கட்டுரைகள், நேர்காணல் என்று ஒரு வருஷம் இழுக்கும். 2023இல் சுமார் 52,500 பேர் விண்ணப்பித்து, சேர்ந்தது சுமார் 23,000 பேர். அதாவது பாதிக்கு மேல் ஆட்களுக்கு ஒரு இடமும் கிடையாது. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டும்.

சரி, எக்செல். பதினான்கு காலம் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெயிட். கூட்டிப் பெருக்கினால் கடைசியில் ஒரு ஸ்கோர். அந்த ஷீட் ஏன் தப்பு, அதற்கு நான் நம்பிய பட்டியல்கள் ஏன் தப்பு என்பதுதான் இந்தக் குறிப்பு.

ரேங்க்

முதல் காலம் யூஎஸ் நியூஸ் ரேங்க். எல்லாரும் பார்ப்பது, நானும் பார்த்தேன். அதன் பழைய ஆராய்ச்சித் தரவரிசையில் பெரிய எடை ஆராய்ச்சிப் பணத்துக்கும், மற்ற கல்லூரிக்காரர்கள் சொல்லும் அபிப்பிராயத்துக்கும் இருந்தது. 2023 ஜனவரியில் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி இனி தரவு தரமாட்டோம் என்று விலகியது. ஸ்டான்ஃபோர்ட், கொலம்பியா, பென்சில்வேனியா, மவுன்ட் சினாய் எல்லாம் பின்னாலேயே போயின. 2024இல் அவர்களே வரிசை எண்ணை விட்டுவிட்டு நான்கு அடுக்காகப் பிரித்தார்கள். குடும்ப மருத்துவராக விரும்பும் 33 வயது ஆளுக்கு, ஒரு கல்லூரி எத்தனை மில்லியன் டாலர் ஆராய்ச்சி நிதி வாங்குகிறது என்பதால் என்ன ஆகப்போகிறது? அந்தக் காலத்தை அழித்ததில் வருத்தம் இல்லை.

நூறு மதிப்பெண்

எல்ஜிபிடி விண்ணப்பதாரர்களுக்கு ஆலோசனை சொல்கிற எல்லாரும் காட்டுவது ஹெல்த்கேர் ஈக்வாலிட்டி இண்டெக்ஸ். ஹியூமன் ரைட்ஸ் கேம்பெயின் அமைப்பு 2007இல் தொடங்கியது. நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண். நல்ல நோக்கம்தான். பாகுபாடு கூடாது என்ற விதி எழுத்தில் இருக்கிறதா, ஊழியர்களுக்குப் பயிற்சி உண்டா என்று கேட்கிறது. பல மருத்துவமனைகள் விதியை எழுதியதே இந்தப் பட்டியலால் என்று சொல்லலாம்.

ஆனால் கவனியுங்கள். இது மருத்துவமனைகளுக்கான பட்டியல், கல்லூரிகளுக்கானது இல்லை. நோயாளியையும் ஊழியரையும் மனதில் வைத்து எழுதிய கேள்விகள். மாணவர் இந்த இரண்டிலும் சேராதவர். அதோடு மருத்துவமனையே முன்வந்து படிவம் நிரப்பினால்தான் முழு மதிப்பெண் பற்றிய பேச்சே. ஒரு கல்லூரி மாணவர்களை ஐந்தாறு மருத்துவமனைகளுக்கு அனுப்பும். பெரியதுக்கு 100 இருக்கும். மூன்றாம் வருஷம் இவரை அனுப்பப்போகும் கிளை, மத அமைப்பு நடத்தும் மருத்துவமனையாக இருக்கலாம். 100 என்பது அந்த வார்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஐந்து மணி நேரம்

இந்தத் துறையில் எல்லாரும் மேற்கோள் காட்டும் ஆய்வு 2011இல் ஜாமா இதழில் வந்தது. அமெரிக்கா, கனடா இரண்டிலும் 176 கல்லூரிகளைக் கேட்டார்கள். 132 முழுதாகப் பதில் தந்தன. மொத்தப் படிப்பிலும் எல்ஜிபிடி சம்பந்தமான பாடத்துக்கு ஒதுக்கிய நேரத்தின் இடைநிலை அளவு ஐந்து மணி நேரம். 44 கல்லூரிகள், அதாவது மூன்றில் ஒரு பங்கு, மருத்துவமனைப் பயிற்சி வருஷங்களில் பூஜ்யம் என்று எழுதின.

அதிர்ச்சியான எண்தான். ஆனால் எனக்கு அதே ஆய்வில் இன்னொரு எண்தான் முக்கியமாகப் பட்டது. ஆண்களோடு உறவா, பெண்களோடு உறவா, இருவரோடுமா என்று நோயாளியிடம் கேட்கச் சொல்லித் தருகிறோம் என்று 132இல் 128 கல்லூரிகள் சொல்லியிருக்கின்றன. 97 சதவீதம். கேள்வி கேட்கச் சொல்லித் தருகிறார்கள், பதில் வந்தால் அடுத்து என்ன செய்வது என்பதற்கு நேரம் ஒதுக்கவில்லை. நாங்கள் சாஃப்ட்வேரில் டெஸ்ட் கேஸ் மட்டும் எழுதிவிட்டு ரன் பண்ணாமல் பாஸ் போடுவோமே, அந்த மாதிரி.

இதிலும் இரண்டு சிக்கல். பதில் சொன்னவர்கள் கல்லூரி நிர்வாகிகள், மாணவர்கள் இல்லை. இரண்டாவது, பாடத்திட்டம் நோயாளியைப் பற்றியது. அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவனின் நிலைமை வேறு கணக்கு. 2015இல் அகாடமிக் மெடிசின் இதழில் வந்த ஆய்வில், பாலின ஈர்ப்பில் சிறுபான்மையான மாணவர்களில் கிட்டத்தட்ட 30 சதவீதம் பேர் கல்லூரியில் அதை மறைத்தே வைத்திருந்தார்கள். திருநர் மாணவர்களில் 60 சதவீதம், ஆனால் அந்த எண்ணிக்கை மிகச் சிறியது. டாக்டராகப் போகிறவர்களே சொல்லப் பயப்படுகிற இடத்தில் நோயாளி எப்படிச் சொல்வார்?

(நம் ஊரை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் தந்த உத்தரவுகளுக்குப் பிறகுதான் எம்பிபிஎஸ் பாடப் புத்தகங்களில் இருந்த அபத்தங்களை எடுக்கும் பேச்சே வந்தது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையம் தன்பாலுறவை மறுபடியும் 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்று தடயவியல் பாடத்தில் சேர்த்து, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் திரும்பப் பெற்றது. ஐந்து மணி நேரத்தைக் கேலி செய்யும் யோக்கியதை நமக்கு இல்லை.)

சிவப்புப் பூசிய மாநிலங்கள்

அடுத்தது மாநிலச் சட்டம். இங்கேதான் நான் பெரிய தப்புப் பண்ணினேன். டெக்ஸாஸில் 2023இல் எஸ்பி 17 என்று ஒரு சட்டம். 2024 ஜனவரி 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை அலுவலகங்கள் கிடையாது. அதே 2023இல் எஸ்பி 14, சிறார்களுக்குப் பாலின மாற்றச் சிகிச்சைக்குத் தடை. 'எல்ஜிபிடி அலுவலகம் உண்டா' என்ற காலத்தில் டெக்ஸாஸ் அரசுக் கல்லூரிகள் எல்லாமே பூஜ்யம். மொத்த மாநிலத்துக்கும் சிவப்பு அடித்து, பட்டியலிலிருந்து தூக்கிவிட்டேன்.

அப்புறம்தான் சட்டத்தின் வாசகத்தைப் படித்தேன். வகுப்பறைப் பாடம், ஆராய்ச்சி, மாணவர் அமைப்புகள் மூன்றுக்கும் அதில் விலக்கு இருக்கிறது. அலுவலகம் போனாலும் மாணவர் சங்கம் இருக்கலாம். விலக்கு இருந்தாலும் பயந்துபோய் எல்லாவற்றையும் மூடும் நிர்வாகமும் இருக்கும். எந்தக் கல்லூரி எப்படி என்று அங்கே படிக்கிற பையன்களிடம் கேட்டால்தான் தெரியும். வலைப்பக்கத்தைப் பார்த்து ஒன்று, பூஜ்யம் என்று எழுதின என் காலம் எதையும் அளக்கவில்லை.

அந்த அளவுகோல் எல்லா இடத்திலும் கரைந்துகொண்டிருக்கிறது. 2025 மே மாதம், அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் குழுவே பன்முகத்தன்மை பற்றிய தன் விதியை நீக்கிவிட்டது. ஜூனில் உச்ச நீதிமன்றம் டென்னசியின் சிறார் சிகிச்சைத் தடையைச் செல்லும் என்றது. இன்று பச்சையாக இருக்கும் மாநிலம் நான்கு வருஷப் படிப்பு முடிவதற்குள் எந்த நிறமாகும் என்று எந்த எக்செலும் சொல்லாது.

அப்பா கையெழுத்து

டெக்ஸாஸைத் தூக்கினதில் உண்மையான சேதம் வேறு இடத்தில் இருந்தது. அந்த மாநில அரசு மருத்துவக் கல்லூரிகள் வெளிமாநிலத்தவருக்கு 10 சதவீதத்துக்கு மேல் இடம் தர முடியாது. மீதி 90 உள்ளூர்க்காரர்களுக்கு. கட்டணமும் நாட்டிலேயே குறைவான வரிசையில். இவர் உள்ளூர்க்காரர். நான் அவரை அனுப்ப நினைத்தது நியூயார்க், மாசசூசெட்ஸ், கலிஃபோர்னியா. நட்பான மாநிலங்கள், விலை உயர்ந்த தனியார் கல்லூரிகள்.

"கடன் வாங்கிக்கலாம்ல?" என்று சாதாரணமாகக் கேட்டேன். ஜூனில் விண்ணப்பமும் போட்டாயிற்று. ஜூலை 4ஆம் தேதி புதுச் சட்டம் வந்தது. 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் கடன் கிடையாது. மருத்துவம் மாதிரியான தொழில் படிப்புக்கு மத்திய அரசுக் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் இரண்டு லட்சம் டாலர்தான். பல தனியார் கல்லூரிகளில் கட்டணம் மட்டுமே அதைத் தாண்டும். மீதிக்கு வங்கிக் கடன். வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறவருக்கு வங்கி லேசில் தராது, பொறுப்புக் கையெழுத்து போட ஒருவர் வேண்டும்.

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தவர் சொன்னார்: "அண்ணா, கையெழுத்துப் போட எனக்கு அப்பாவை விட்டா ஆள் இல்ல. நாளைக்கு விஷயம் தெரிஞ்சு அவர் கோபப்பட்டா, கடன்ல அவர் பேரும் இருக்கும். நாலு வருஷம் வாயைத் திறக்க முடியாது."

எனக்கு அது உறைக்கவே நாலு நாள் ஆயிற்று. நட்பான மாநிலம் என்று நான் பச்சை அடித்த இடத்தில் போய், அவர் வீட்டில் இன்னும் நாலு வருஷம் மறைந்து வாழ வேண்டும். சிவப்பு அடித்த டெக்ஸாஸில் அரசுக் கடனும் கையிருப்பும் போதும், யார் கையெழுத்தும் வேண்டாம். சுதந்திரம் எந்தப் பக்கம் இருக்கிறது?

வயது கூடிய விண்ணப்பதாரருக்கு ஒரு பட்டியல், எல்ஜிபிடி விண்ணப்பதாரருக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாகத்தான் எழுதுகிறார்கள். முதலாவது மனைவி, குழந்தை, வீட்டுக்கடன் இருப்பவருக்காக எழுதப்பட்டது. இரண்டாவது, எந்த ஊருக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகத் தயாரான 22 வயதுக்காரருக்கு. இரண்டையும் ஒட்டிப் பக்கத்தில் வைத்தால் இவருக்குப் பொருந்தும் என்று நினைத்தேன். பொருந்தாது. இரண்டும் சேருகிற இடத்தில் வரும் பிரச்சினை, அப்பா கையெழுத்து மாதிரியானது, இரண்டு பட்டியலிலும் இல்லை.

சொல்வதா, வேண்டாமா

கட்டுரையில் தன்னைப் பற்றி எழுதலாமா என்பது கடைசிக் கேள்வி. பொதுவாகச் சொல்லும் அறிவுரை: "எழுது. அதற்காக ஒதுக்குகிற கல்லூரி உனக்கு வேண்டாம்." கேட்க நன்றாக இருக்கிறது. மேலே சொன்ன எண்ணைப் பாருங்கள். பாதிக்கு மேல் ஆட்களுக்கு ஒரு இடமும் கிடைப்பதில்லை. நாலு கல்லூரி கூப்பிடும் ஆளுக்குத்தான் ஒன்றை ஒதுக்கும் வசதி. 33 வயதில் ஒரு வருஷம் தவறினால் எம்கேட் மதிப்பெண்ணுக்கும் காலக்கெடு ஓடுகிறது, பல கல்லூரிகளில் இரண்டு மூன்று வருஷம்தான். அறிவுரை சொல்கிறவர் செலவை ஏற்பதில்லை.

அதற்காக மறை என்றும் நான் சொல்லவில்லை. அவர் எழுதினார். தன் ஈர்ப்பைப் பற்றித் தனிக் கட்டுரையாக இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு இலவச கிளினிக்கில் எச்ஐவி பரிசோதனைக்கு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசியது, ஏன் அங்கே போனார் என்பது. ஒரே ஒரு வரியில் அவர் யார் என்று தெரிந்துவிடும். எந்தப் பட்டியலையும் பார்த்து எடுத்த முடிவு இல்லை அது.

இப்போது

ஷீட்டில் ஸ்கோர் காலத்தை எடுத்துவிட்டேன். வெயிட் போட்டுக் கூட்டுவதே தப்பு. சில விஷயங்கள் கூட்டல் இல்லை, கதவு. திறக்காவிட்டால் மற்றதில் எத்தனை மார்க் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. இப்போது கதவுகள் மூன்று. யார் கையெழுத்தும் இல்லாமல் பணம் கட்ட முடியுமா? மூன்றாம் வருஷம் எந்தெந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், அதை யார் நடத்துகிறார்கள்? இப்போது படிக்கிற, வெளிப்படையாக இருக்கிற ஒரு மாணவரோடாவது நிர்வாகம் பக்கத்தில் இல்லாமல் அரை மணி நேரம் பேச முடிந்ததா?

ஜூலை கடைசியில் டெக்ஸாஸ் கல்லூரிகளுக்குத் தனி விண்ணப்பம் போட்டார். நான் ஆரம்பத்திலேயே தூக்காமல் இருந்திருந்தால் மே மாதமே போட்டிருக்கலாம். முன்னால் போடுகிறவர்களுக்கு நேர்காணல் முன்னால் வரும். அந்த இரண்டு மாதம் என் கணக்கில்தான் எழுத வேண்டும். இதுவரை ஒரு நேர்காணல் வந்திருக்கிறது, டெக்ஸாஸில்தான். போன வாரம் அங்கே படிக்கிற மூன்றாம் வருஷ மாணவர் ஒருவரோடு முக்கால் மணி நேரம் பேசினாராம். "அலுவலகத்தை மூடிட்டாங்க. ஆனா நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்னு சொன்னாண்ணா" என்றார்.

முடிவு வந்ததும், அவர் சம்மதித்தால், இதே பக்கத்தில் எழுதுகிறேன். இந்த வழியில் போனவர்கள் யாராவது படித்தால், என் மூன்று கதவுகளில் எது தப்பு என்று சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறேன்.