விதியும் மௌனமும்: ஸ்கீமற்றோன் குறித்து ஒரு மதிப்பீடு

கட்டமைப்புடைய ஆவணமொன்று செல்லுபடியானதா என வினவும்போது, இருவேறு வினாக்களை ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். உறுப்புகள் உரிய வரிசையில் அமைந்துள்ளனவா என்பது ஒன்று. அவை தம்முட் பொருந்துகின்றனவா என்பது மற்றையது. யாப்பறிந்தோருக்கு இவ்வேறுபாடு புதிதன்று. அடிக்கு எத்தனை சீரென எண்ணுபவர் அதனாலேயே எதுகையைக் கண்டுவிட முடியாது. அதற்கு ஓரடியின் இரண்டாம் எழுத்தை அடுத்த அடியின் இரண்டாம் எழுத்தோடு ஒப்பிட்டாக வேண்டும்.

1998 இல் எக்ஸ்.எம்.எல். வெளிவந்தபோது உடன்வந்த டீ.ரீ.டீ. எனும் ஆவணவகை வரையறை, பெரும்பாலும் சீரெண்ணும் இலக்கணமே. நாடகப் பதிப்பொன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கூற்றும் அதைப் பேசும் பாத்திரத்தின் அடையாளக்குறியைச் சுட்டவேண்டும். அக்குறி ஆவணத்தில் எங்கேனும் உண்டா என்பதை டீ.ரீ.டீ. பார்க்கும், அது பாத்திரத்தின் குறியா, காட்சியின் குறியா என்பது அதற்குப் பொருட்டன்று. அரண்மனைக் காட்சியே எழுந்து வசனம் பேசினாலும் ஆவணம் செல்லுபடியானதே!

இக்குறையை நிரப்ப எழுந்ததே 1999 இல் றிக் ஜெலிஃப் முன்வைத்த ஸ்கீமற்றோன். அவர் புதிய பொறியெதனையும் ஆக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நியமமாகிய எக்ஸ்.எஸ்.எல்.ரி. எனும் உருமாற்ற மொழியையே கருவியாக்கினார். விதிகள் எக்ஸ்பாத் கூற்றுகளாக எழுதப்படும். ஒரு நடைத்தாள் அவ்விதித் தொகுதியை இன்னொரு நடைத்தாளாக மாற்றும். இரண்டாவது நடைத்தாள் ஆவணத்தைப் படித்துக் குற்றங்களை அறிக்கையாகத் தரும். ஆவணத்தைப் பக்கமாக மாற்றவெனப் பிறந்த மொழி இவ்வாறு அதன் பரிசோதகராயிற்று. 2006 இல் இது சர்வதேச நியமமாகியது. இலக்கியப் பதிப்பாளர் பயன்படுத்தும் ரி.ஈ.ஐ. நெறிமுறைகளிலும் இத்தகைய விதிகள் இடம்பெற்றுள்ளன.

இதன் தலையாய சிறப்பு, என் கருத்தில், தொழினுட்பஞ் சார்ந்ததன்று. ஒவ்வொரு விதியோடும் மனிதர் படிக்கத்தக்க ஒரு வாக்கியம் எழுதப்படுகிறது. 'எதிர்பாராத உறுப்பு' என்று உறுமுவதற்குப் பதிலாக, 'இக்கூற்றுக்குரியவர் பாத்திரப் பட்டியலில் இல்லை' எனச் சொல்லமுடிகிறது. பதிப்பாசிரியருக்கு வேண்டியது அதுவே.

ஆயினும் உருமாற்ற மொழியின் இயல்புகள் தீர்ப்பிலும் படிந்துவிடுகின்றன என்பதை இதனைப் போற்றுவோர் போதிய அளவு கவனிப்பதில்லை. நடைத்தாளில் ஒரு கணுவுக்குப் பொருந்தும் வார்ப்புருக்கள் பலவாயினும் ஒன்றே இயங்கும். ஸ்கீமற்றோனிலும் அவ்வாறே: ஒரு கோலத்தினுள் முதலிற் பொருந்திய விதி இயங்கியதும், அக்கணுவைப் பொறுத்தவரை அக்கோலத்தின் பிந்திய விதிகள் கைவிடப்படும். பொதுவிதியை மேலேயும் சிறப்புவிதியைக் கீழேயும் எழுதியவர், தமது சிறப்புவிதி ஒருபோதும் இயங்காததை அறியாமலே இருக்கக்கூடும்.

இதனினும் கொடியது சூழல் பொருந்தாமை. விதியிற் கூறிய சூழல் ஆவணத்தில் எங்கும் இல்லையெனில் சோதனையே நிகழாது, குற்றமும் பதிவாகாது. நான் ஒருமுறை பெயர்வெளி முன்னொட்டை இட மறந்து விதிகளை எழுதினேன். எல்லா ஆவணங்களும் குற்றமற்றவையாய் வந்தன. இரண்டு நாள் மகிழ்ந்திருந்தேன். பின்னர் வேண்டுமென்றே பிழையிட்ட ஆவணமொன்றைக் கொடுத்தபோது அதுவும் குற்றமற்றதாகவே வந்தது! டீ.ரீ.டீ. அறியாத உறுப்பைக் கண்டால் மறுக்கும். ஸ்கீமற்றோனோ, அதனை மறுக்குமாறு எழுதப்பட்டாலன்றி, வாளாவிருக்கும்.

ஆதலின் இது இலக்கணத்துக்கு மாற்றீடாகாது. இலக்கணம் எட்டாத மூலைகளுக்கே உரியது. ஜெலிஃபும் இதனைத் தூசுதட்டும் இறகுக்கு ஒப்பிட்டாரேயன்றி வீட்டைப் பெருக்கும் கருவிக்கன்று. நியமம் வகுத்த அறிக்கை வடிவம் குற்றங்களை மட்டுமன்றி இயங்கிய விதிகளையும் பதிவுசெய்கிறது. குற்றம் இல்லையென்ற வரியைக் கண்டதும் அறிக்கையை மூடிவிடுவோர் அப்பகுதியைப் படிப்பதில்லை. எந்தவொரு விதியும் இயங்காத அறிக்கையில் அவ்விடம் வெறுமையாகவே கிடக்கும்.