பள்ளியில்லாக் கல்வி: ஜோன் ஹோல்ற் கொள்கை பற்றிய ஓர் ஆய்வு

பாடத்திட்டமும் பரீட்சையும் மணியோசையும் இன்றி, பிள்ளை தன் விருப்பமே வழிகாட்டியாகக் கற்றல் கூடும் என்பது மேனாட்டறிஞர் சிலர் கொள்கை. வீட்டிலிருத்திப் பாடநூல்களைக் கற்பித்தல் வேறு, இது வேறு. இங்கே வீடும் பள்ளியாதல் கூடாது. 1977இல் இதற்கு ஆங்கிலத்தில் தனிப்பெயர் இட்டவர் அமெரிக்கரான ஜோன் ஹோல்ற் (1923–1985) என்பார். அவ்வாண்டிலே பொஸ்ரன் நகரில் அவர் தொடங்கிய சஞ்சிகை 2001 வரை வெளிவந்தது. ஆசிரியத் தொழில் பூண்ட நாம் இக்கொள்கையை நகைத்தொதுக்குதல் எளிது. ஆயின் அது முறையன்று. ஹோல்ற் வகுப்பறையைப் புறத்தே நின்று பழித்தவரல்லர்; ஆண்டுகள் பல அதனுள் நின்று கற்பித்தவர்.

பிள்ளைகள் தோல்வியுறுமாறு யாது என்பது பற்றி 1964இல் அவர் வெளியிட்ட நூலே அவருடைய ஆக்கங்களுட் சிறந்தது என்பது எம் கருத்து. ஐந்தாம் வகுப்பு மாணவரைக் கூர்ந்து நோக்கி எழுதிய குறிப்புக்களின் தொகுதி அது. அதில் வரும் விளையாட்டொன்றை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் 1க்கும் 10,000க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணை மனத்திற் கொள்வார். மாணவர் வினாக்கள் கேட்டு அதனைக் கண்டறிதல் வேண்டும். 5,000க்கு மேற்பட்டதா என்னும் வினாவுக்கு 'ஆம்' என விடை கிடைப்பின் மாணவர் மகிழ்ந்தனர்; 'அன்று' எனின் சோர்ந்தனர். இரு விடையும் தரும் அறிவு ஒரே அளவினது என்பதை அவர் உணர்ந்திலர். உண்மையை அறிதலினும் ஆசிரியர் வாயால் 'ஆம்' கேட்டலே அவர்க்குப் பெரிதாயிற்று. ஆசிரியரின் முகக்குறிப்பை நோக்கி விடையை மாற்றுதலும், ஐயமுற்ற சொல்லைத் தெளிவின்றி முணுமுணுத்து அவர் அதனைச் சரியெனக் கொள்வார் என்று காத்திருத்தலும் இதன்பாற்பட்டனவே. அச்சமே இவற்றின் வேர் என்றார் ஹோல்ற். வகுப்பறையை அறிந்த எவரும் இதனை மறுத்தல் அரிது.

நோயை இங்ஙனம் கண்டவர் மூன்று மருந்துகளை அடுத்தடுத்துக் கூறினார். முதல் நூலில் ஆசிரியரும் பாடசாலையும் திருந்துதல் வேண்டும் என்றார். 1974இல் வெளிவந்த நூலில், தன் கல்வியைத் தானே தெரிதல் பிள்ளையின் உரிமை என்றார். பாடசாலைகள் திருந்தும் என்ற நம்பிக்கை தளர்ந்தபின், 1981இல் பெற்றோரை விளித்து, உம் பிள்ளைக்கு நீரே கற்பிப்பீர் என்னும் கருத்துடைய நூலை எழுதினார். இதனை இயல்பான வளர்ச்சி என்று கொள்வாரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. பிள்ளையின் உரிமை எனத் தொடங்கியது பெற்றோர் உரிமையாக முடிந்தது.

இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதற்கு அமெரிக்க வழக்கொன்று சான்று. விஸ்கொன்சின் மாநிலத்தில் அமிஷ் என்னும் கிறித்தவப் பிரிவினர் எட்டாம் வகுப்பின்பின் தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப மறுத்தனர். 1972இல் உச்ச நீதிமன்றம் சமயச் சுதந்திரங் கருதி அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நீதியரசர் டக்ளஸ் மட்டும், பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்டறிதல் வேண்டும் என ஒரு பகுதியில் மாறுபட்டார். ஹோல்ற்றின் பிற்கால நூலுக்கும் இதுவே உரைகல். பாடசாலையை விட்டு வீட்டுக்கு வந்த பிள்ளை, அங்கே எவர் முகத்தை நோக்கும்?

இன்னுமொன்று. ஹோல்ற் தம் நாற்பதாம் வயதளவில் செலோ என்னும் நரம்பிசைக் கருவியைப் பயிலத் தொடங்கி, 1978இல் அதுபற்றி ஒரு நூலும் எழுதினார். விரும்பியவன் எவ்வயதிலும் கற்கலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. ஆயின் அக்கருவியின் ஓசையைக் கேளாதவன் அதனை விரும்புதல் யாங்ஙனம்? விருப்பம் வெறுநிலத்தில் முளைப்பதன்று. கண்டும் கேட்டும் தோன்றுவது. நூலும் ஓய்வும் நிறைந்த இல்லத்துப் பிள்ளைக்கு வீடே போதியதாகலாம். அவையில்லாத இல்லத்துப் பிள்ளைக்கு, தான் கேட்க அறியாத பொருளையும் காட்டும் இடம் பெரும்பாலும் பாடசாலையே. ஊரில் நூலகம் உண்டே எனின், அதன் வாயிலுக்கு அழைத்துச் செல்வார் வேண்டுமன்றோ?

ஆகவே ஹோல்ற்றின் முடிபை விடுத்து, அவர் கண்டதைக் கொள்ளுதல் தகும். அச்சம் சுவர்களிலிருந்து பிறப்பதன்று. பிழையைக் குற்றமாகக் கொள்ளும் வழக்கத்திலிருந்து பிறப்பது. 'அன்று' என்னும் விடையும் அறிவே என மாணவன் உணருமாறு கற்பிக்கும் வகுப்பில் அவன் ஆசிரியரின் முகத்தை நோக்கான், பொருளை நோக்குவான். அத்தகைய வகுப்பை நாம் அமைக்குமளவும் ஹோல்ற்றின் குற்றச்சாட்டுக்கு விடை கூறியவராக மாட்டோம்.