வெள்ளைத் தாளும் எழுதிய தாளும்

சாவதற்குச் சில நாட்களுக்கு முன் அம்மா மகளிடம் ஒரு வாக்கு வாங்குகிறார். என் நாட்குறிப்புகள் எல்லாம் உனக்குத்தான், ஆனால் நான் போகும்வரை திறக்கக் கூடாது. 1987இல் அம்மா இறந்துபோகிறார். ஒரு மாதம் கழித்து மகள் எடுத்துப் பார்க்கிறார். மூன்று தட்டு நிறைய, துணி அட்டை போட்ட அழகான நோட்டுகள். முதல் நோட்டு வெள்ளை. இரண்டாவது வெள்ளை. எல்லாமே வெள்ளை.

டெர்ரி டெம்பஸ்ட் வில்லியம்ஸின் ‘வென் விமன் வேர் பேர்ட்ஸ்’ (2012) இங்கேதான் தொடங்குகிறது. அம்மா இறந்தது 54 வயதில். மகள் அதே வயதில் உட்கார்ந்து அந்த வெள்ளைத் தாள்களைப் பற்றி 54 சிறு அத்தியாயங்கள் எழுதுகிறார். தொடக்கத்திலேயே சில பக்கங்கள் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன. அச்சுப்பிழை போல என்று நினைத்து நான் புரட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது.

இவர்கள் யூட்டா மாநிலத்து மார்மன்கள். 1830 ஏப்ரல் 6 அன்று ஜோசப் ஸ்மித் நியூயார்க் மாநிலத்தில் இந்தச் சபையைத் தொடங்கினார். நடப்பதையெல்லாம் எழுதிவைக்க வேண்டும் என்று அன்றைக்கே இறைக்கட்டளை வந்ததாக அவர்கள் நம்புகிறார்கள். அதனால் நாட்குறிப்பு எழுதுவது அங்கே பக்தியின் ஒரு பகுதி. ஒரு மார்மன் பெண்ணிடம் எதிர்பார்க்கப்படுவது இரண்டு: பிள்ளை பெறுவது, நாட்குறிப்பு எழுதுவது என்கிறார் வில்லியம்ஸ். அம்மா நான்கு பிள்ளைகள் பெற்றார். எழுத மட்டும் இல்லை. ஆனால் நோட்டுகளை வாங்கி வாங்கி அடுக்கியிருக்கிறார்.

அது எதிர்ப்பா, சலிப்பா, குறும்பா? வில்லியம்ஸ் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறார். அழகான புத்தகம், சந்தேகமில்லை. ஆனால் பாதிக்கு மேல் எனக்கு ஒரு நெருடல் வந்துவிட்டது. அம்மா காலியாக விட்டதை மகள் நிரப்பிக்கொண்டே போகிறார். அம்மாவின் மௌனம் மெல்ல மெல்ல மகளின் மொழியாகிவிடுகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ‘ஒடுக்கப்பட்ட பெண், பேசவிடாத மதம்’ என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடியவன் நான்.

அந்த வரியை அழிக்க வைத்தது இன்னொரு புத்தகம். லாரல் தாட்சர் உல்ரிச் எழுதிய ‘எ ஹவுஸ் ஃபுல் ஆஃப் ஃபீமேல்ஸ்’ (2017). உல்ரிச் ஹார்வர்டில் வரலாறு கற்பித்தவர், புலிட்சர் பரிசு பெற்றவர், பெண்ணியவாதி, கூடவே நம்பிக்கையுள்ள மார்மன். 1835 முதல் 1870 வரையிலான மார்மன்களின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் வைத்து, பலதார மணத்துக்குள் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்கிறார்.

1870 ஜனவரி 13. சால்ட் லேக் சிட்டியில் ஆயிரக்கணக்கான பெண்கள் கூடி, பலதார மணத்தை ஒடுக்க வாஷிங்டன் கொண்டுவந்த மசோதாவை எதிர்க்கிறார்கள். ஆமாம், எதிர்க்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் யூட்டா பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்கிறது. அமெரிக்கப் பெண்களில் பெரும்பாலோருக்கு அன்று அது கிடையாது. 1887இல் பலதார மணத்தை ஒழிக்கும் சட்டத்தோடு சேர்த்து அதே வாஷிங்டன் அந்த வாக்கையும் பறித்தது. 1896இல் யூட்டா தனி மாநிலமானபோதுதான் திரும்பக் கிடைத்தது. இதில் யார் விடுதலை கொடுத்தார், யார் பறித்தார் என்று ஒரு வரியில் சொல்லிவிட முடியுமா?

உல்ரிச் இவர்களைத் தியாகிகள் ஆக்கவும் இல்லை, ஏமாளிகள் ஆக்கவும் இல்லை. பாட்டி செஷன்ஸ் என்று ஒரு மருத்துவச்சி (பெயரே பாட்டிதான், உறவுமுறை இல்லை). பிரசவக் கணக்குகளுக்கு நடுவே, கணவர் இன்னொரு பெண்ணைக் கட்டிய துயரம் சின்னச் சின்ன வாக்கியங்களாக வந்துபோகிறது. அடுத்த நாள் மறுபடியும் பிரசவக் கணக்கு. உல்ரிச் அதற்கு விளக்கவுரை எழுதாமல் நம் முன்னால் வைக்கிறார். சில இடங்களில் இந்த நிதானம் எனக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் கோபப்படக் கூடாதா என்று தோன்றியது.

உல்ரிச்சைப் பற்றிச் சொன்னபோது தோழி ஒருத்தி கேட்டாள்: “இவ்ளோ படிச்சவங்க, இவ்ளோ தெரிஞ்சவங்க, அப்புறம் ஏன் இன்னும் அங்கயே இருக்காங்க?”

நியாயமான கேள்விதான். அந்தச் சபையில் ஆண்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதை ஒட்டியே குருத்துவம் உண்டு. பெண்ணுக்கு எந்த வயதிலும் கிடையாது. சபையின் பொது மாநாட்டில் ஒரு பெண் முதன்முதலாக எழுந்து ஜெபம் சொன்னது 2013 ஏப்ரலில், சபை தொடங்கி 183 ஆண்டுகள் கழித்து. பெண்களுக்கும் குருத்துவம் கேட்டு இயக்கம் நடத்திய கேட் கெல்லி 2014இல் சபைநீக்கம் செய்யப்பட்டார்.

தோழிக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு லவீனா ஃபீல்டிங் ஆண்டர்சனைப் பற்றிப் படித்தேன். சபைத் தலைமை தன் அறிவுஜீவிகளை எப்படியெல்லாம் நெருக்கியது என்பதை வரிசைப்படுத்தி 1993இல் ‘டயலாக்’ இதழில் எழுதினார். அந்தச் செப்டம்பரில் ஆறு பேர்மீது நடவடிக்கை வந்தது. அதில் நீக்கப்பட்டவர்களில் லவீனாவும் ஒருவர். குற்றம் என்று பார்த்தால், எழுதிவைத்தார், அவ்வளவுதான். முதல் நாளே கட்டளையிடப்பட்ட காரியம்.

நீக்கப்பட்ட பிறகும் அவர் ஞாயிறுதோறும் அதே ஆலயத்துக்குப் போனார். நீக்கப்பட்டவர் கூட்டத்தில் வாய்விட்டு ஜெபிக்கக் கூடாது, பேசக் கூடாது. அப்பமும் நீரும் வரும்போது எடுத்துக்கொள்ளக் கூடாது. 2019இல் மறு ஞானஸ்நானம் கேட்டார், தலைமை மறுத்துவிட்டது. 2023இல் இறக்கும்வரை போய்க்கொண்டுதான் இருந்தார்.

‘ஏன் இன்னும் அங்கேயே?’ என்ற கேள்வியில், அந்த இடம் துரத்தியவர்களுக்குச் சொந்தம் என்று நாமே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். லவீனா அதை ஒப்புக்கொள்ளவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இதை அறிந்த பிறகு உல்ரிச்சின் நிதானம்மீது இருந்த எரிச்சல் குறைந்தது. எழுதியதற்காகவே ஆட்களை வெளியேற்றிய ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு எழுதப்பட்ட நிதானம் அது.

நமக்கு வெளியேறியவர்களின் கதை பிடிக்கிறது. கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது, புத்தகம் முடிகிறது, நாம் நிம்மதியாகத் தூங்கலாம். உள்ளேயே இருப்பவர்களின் எழுத்தில் அந்த வசதி இல்லை.

வில்லியம்ஸின் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை வெள்ளைப் பக்கங்களைப் புரட்டிவிடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். ஓரத்தில் எதுவும் எழுதவில்லை.