சூளைக்கு வெள்ளையடிப்பு, அச்சுக்கு எடைக்கடை

விருத்தாசலத்தில் ஒரு பழைய ஸ்டுடியோ. கண்ணாடி ஷோகேஸில் யாஷிகா மேட் 124ஜி கேமரா பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. "வர்றவங்கல்லாம் அதோட செல்ஃபி எடுத்துக்கிறாங்க சார்" என்றார் உரிமையாளர், பெருமையாக.

"அதுல எடுத்த நெகட்டிவ் எல்லாம் எங்கே?"

"எடைக்குப் போட்டாச்சு. வெள்ளி எடுக்கிறவங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க."

சுருக்கென்றது எனக்கு.

ஃபிலிம் கேமரா இப்போது மறுபடி ஃபேஷன். "ஃபிலிம்ல ஒரு உயிர் இருக்கு" என்கிறார்கள். இருக்கட்டும். அந்த உயிர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாமா?

ஒன்று, சைஸ். 120 ரோலில் ஒரு நெகட்டிவ் சுமார் 56 மி.மீ. சதுரம். 35 மி.மீ. ஃபிலிமைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் பரப்பு. பாட்டியின் புடவையில் ஜரிகை இழை தெரிவது அதனால்தான். இரண்டு, சிக்கனம். ரோலுக்கு 12 படம்தான். விரலுக்கு முன்னால் மூளை வேலை செய்தாக வேண்டும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. இந்த இரட்டை லென்ஸ் கேமராவில் மேலிருந்து குனிந்துதான் பார்க்க வேண்டும். எதிரே நிற்பவர் மிராசுதாரோ, களையெடுக்கிறவரோ, போட்டோகிராபர் தலை வணங்கியே தீரணும்! லென்ஸ் மார்பளவில் இருப்பதால் படத்தில் எவரும் குறுகித் தெரிவதில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் அதே பூந்தோட்டத் திரை, அதே விறைப்பு. டச்சிங் என்ற பெயரில் பென்சிலை வைத்து முகச் சுருக்கத்தையெல்லாம் மறைத்தார்கள். பழசு என்பதாலேயே எல்லாம் கலையாகிவிடாது. ஆனால் எது கலை, எது கூலிக்குச் செய்த வேலை என்று தரம் பிரிக்கவாவது நெகட்டிவ் கையில் இருக்க வேண்டாமா?

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடித்தேடி டிஜிட்டலாக்கினார்கள். நம் தாத்தா முகத்தின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1967-ல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தந்த ஊட்டி தொழிற்சாலையையே மூடியாகிவிட்டது. மிச்சமிருப்பது வீட்டுப் பரணில்தான்.

கேமராவைக்கூட நாம் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வதில்லை. பாலிஷ் போடுவது பராமரிப்பு ஆகாது. தோல் உறையில் பூட்டி வைத்தால் ஈரம் தங்கி லென்ஸில் பூஞ்சை வரும். ஓட்டாமலே வைத்தால் கிரீஸ் இறுகி, மெதுவான ஸ்பீடுகளில் ஷட்டர் திணறும். மாதம் ஒருமுறை எல்லா ஸ்பீடிலும் ஓட்டிப் பாருங்கள். நெகட்டிவுக்கு இவ்வளவு பாடுகூட இல்லை: ஈரமில்லாத இடம், காகித உறை, உறைமேல் பெயரும் வருஷமும். வினிகர் வாடை அடிப்பதை மட்டும் தனியே பிரித்து, முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

பீங்கான் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சூளையைத் திறக்கும்வரை பொம்மை எப்படி வந்திருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது. கழுவும்வரை ஃபிலிமும் அப்படித்தான். விரிசல் விட்ட பொம்மையைத் தூக்கிப் போடுவீர்கள். நல்ல அச்சைப் போடுவீர்களா?

கேமரா என்பது சூளை. நெகட்டிவ்தான் அச்சு. அச்சை எடைக்குப் போட்டுவிட்டு, சூளைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பாருங்கள்.