அடங்காத முடி: சுருட்டை, சாதி, அழகு

தமிழில் தலையில் முளைப்பதற்கு இரண்டு சொற்கள். ஒன்று கூந்தல், இன்னொன்று மயிர். முதலாவது கவிதைக்கு, இரண்டாவது வசவுக்கு. பொருள் ஒன்றுதான். தலையோடு ஒட்டியிருக்கிறவரை அது அழகு, மங்கலம், குலமானம். தலையைவிட்டு இறங்கிய கணத்தில் அது தீட்டு. குறளிலேயே, தலையைவிட்டு உதிர்ந்த முடி நிலை தாழ்ந்த மனிதருக்கு உவமையாகிவிடுகிறது. இறங்கிய முடியைத் தொட்டு எடுப்பவரும் தீட்டுக்குரியவராக்கப்பட்டார். ஊரின் முடியைக் கத்தரித்து, ஊரின் புண்ணுக்கு மருந்து போட்டு, ஊரின் பிள்ளைகளைப் பேறுபார்த்து எடுத்த மருத்துவர் சமூகத்தை ஊரின் ஓரத்தில் வைத்தது இந்த ஏற்பாடுதான். ஆக, தலைமுடி என்பது 'இயற்கை' அல்ல. சாதியின் இலக்கணம் எழுதப்பட்ட ஒரு பிரதி அது.

இந்த இலக்கணத்தில் கூந்தல், மயிர் என்ற இரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்று உண்டு. தலையில்தான் இருக்கிறது, ஆனால் சொன்னபடி கேட்பதில்லை. அதுதான் சுருட்டை. மென்மையாக அலையலையாக விழுகிற சினிமாச் சுருளைச் சொல்லவில்லை. நெளிந்து, நெருங்கி, மேலெழுந்து நிற்கிற முடியைச் சொல்கிறேன். அதற்கு நம் தெருக்களில் பெயர்கள் நிறைய. பரட்டை, சிக்குத்தலை, தேன்கூடு, காப்பிரித் தலை. கடையநல்லூர் தெருவொன்றில் பள்ளிக்கூடம் கிளம்புகிற பெண்பிள்ளையிடம் சொல்லப்படுகிற வாக்கியத்தைக் கவனியுங்கள்: "ஏட்டி, இன்னுங் கொஞ்சம் எண்ணெய வச்சு அமுக்கிச் சீவிட்டுப் போ, தலை அடங்கட்டும்." அடங்கட்டும். முடியைப் பற்றிச் சொல்லப்படுவது போலத் தெரிகிற இந்த வினைச்சொல், பிள்ளையைப் பற்றியது. இரட்டைச் சடையும் ரிப்பனும் முடிக்கான ஒழுங்கு மட்டுமல்ல, அவளுக்கான முதல் ஒழுங்கும் அதுதான்.

நண்பர்கள் சிலர் கேட்கலாம்: "வெட்டும் குத்தும் நடக்குற மாவட்டத்துல, முடியப் பத்திப் பேச வந்துட்டீரோ?" பேசத்தான் வேண்டும். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்க முடியாது, ஊர்க் கட்டுப்பாடு என்று கடைக்காரர் சொன்னதை நாடே பார்த்தது. மிட்டாயில் இருக்கிற சாதி முடியில் இல்லாமல் போகுமா? 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 'கடை' என்பதற்கு விளக்கம் தரும்போது முடிதிருத்தும் நிலையத்தைப் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், வலுக்கட்டாயமாகத் தலையை மழிப்பதையும் மீசையை எடுப்பதையும் தனிக் குற்றமாக வைக்கிறது. நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டம் எழுதுவதில்லை. முடி இங்கே சண்டை நடக்கிற இடம் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, விமர்சகர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

அழகியலுக்கு வருவோம். பழந்தமிழில் பெண்ணின் முடிக்கு 'ஐம்பால்' என்றொரு பெயர் உண்டு. ஐந்து வகையாக ஒப்பனை செய்யப்படுவது என்பது பொருள். உரைகாரர்கள் எண்ணுகிற குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி என்ற ஐந்தில் சுருளும் ஒன்று. அதாவது ஒரு காலத்தில் சுருள் அழகின் ஐந்து வழிகளில் ஒரு வழி. பின்னால் அது குறைபாடாக ஆகியிருக்கிறது. எப்படி ஆனது என்பதற்குச் சினிமா கொஞ்சம் பதில் சொல்லும். 1977இல் வந்த '16 வயதினிலே' படத்தில் ஊரை மிரட்டித் திரிகிற வில்லனுக்கு இயற்பெயர் தேவைப்படவில்லை, 'பரட்டை' என்ற பெயரே போதுமானதாக இருந்தது. தலையைப் பார், ஆளைத் தெரிந்துகொள் என்பது பொதுப்புத்தி. அதே பொதுப்புத்தி, புட்டபர்த்தி சத்ய சாய்பாபாவின் தலையைச் சுற்றி நின்ற அடர்ந்த சுருள்முடியை நடுவீட்டில் மாட்டி ஊதுபத்தி காட்டியது. சிவனின் சடை வழிபாட்டுக்குரியது. சாமி வந்து ஆடுகிற பெண்ணின் அவிழ்ந்த தலை அந்த அரைமணி நேரத்துக்கு மட்டும் வணக்கத்துக்குரியது. ஆட்டம் முடிந்ததும் "தலையை முடி" என்று அவளிடம் சொல்லப்படுகிறது. அடங்காத முடி தெய்வத்துக்கு அதிகாரம், மனுஷிக்கு அவமானம். முடி ஒன்றேதான், யார் தலை என்பதுதான் கேள்வி.

இந்த இழிவுக்கு அறிவியல் வேடம் போட்டுவிட்டவர்கள் காலனிய மானிடவியலாளர்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் கருவியை வைத்துக்கொண்டு மூக்கையும் மண்டையையும் அளந்தார், தலைமுடியின் தன்மையைக் குறித்துக்கொண்டார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' இன்றும் நம் சாதிப் பெருமை நூல்களுக்கு மேற்கோள் வழங்கிக்கொண்டிருக்கிறது. 1920களின் இறுதியில் பி.எஸ். குஹா, கொச்சி மலைகளின் காடர்களில் சிலருடைய சுருண்ட முடியைக் காட்டி இந்தியாவில் 'நெக்ரிட்டோ' இனக்கூறு உண்டு என்று வாதிட்டார். இனவாதத் தென்னாப்பிரிக்காவில் இதே அளவீடு அரசு நடவடிக்கையாகவே ஆனது. 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒருவர் எந்த இனம் என்பதில் சந்தேகம் வந்தால், முடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். பென்சில் விழுந்தால் வெள்ளையர், நின்றால் இல்லை. ஒரு பென்சிலால் குடும்பங்களைப் பிரிக்க முடிந்தது. நம் ஊரில் பென்சில் இல்லை, சீப்பு இருக்கிறது. பெண் பார்க்க வருகிற வீட்டுப் பெண்கள் பின்னலைக் கையில் எடுத்து நீளமும் நெளிவும் பார்க்கிறார்களே, அது என்ன சோதனை?

கடையநல்லூர் போன்ற, இஸ்லாமியர் பெருமளவில் வாழ்கிற நெசவு ஊரில் இது இன்னொரு முரணையும் காட்டுகிறது. தெருவில் போகும்போது முக்காட்டுக்குள் இருக்கிற முடியை யாரும் பார்ப்பதில்லை. எனவே அங்கே இந்தச் சிக்கலே இல்லை என்று வெளியிலிருந்து பேசுகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கல்யாணப் பேச்சில் முக்காட்டைத் தாண்டி முடி விசாரிக்கப்படுகிறது, விசாரிக்கிறவர்களும் பெண்கள். ஆணின் பார்வை என்பதைப் பெண்களும் சுமக்க முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. இதே ஊர்களில் ஆண்பிள்ளைக்கு பிலால் என்று பெயர் வைக்கிறோம். முதன்முதலாகப் பாங்கு சொன்ன கறுப்பினத்தவர், அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் அவர். பெயரில் மரியாதை, தலையில் சுருட்டை இருந்தால் 'காப்பிரி' என்று கேலி. இந்தச் சொல்லே அரபியில் புறப்பட்டு போர்ச்சுகீசியர் வாய் வழியாக ஆப்பிரிக்க அடிமைகளைச் சுட்ட வந்தது. இலங்கைப் புத்தளத்துச் சிறாம்பியடியில் அவர்களின் வழித்தோன்றல்கள் வாழ்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கொச்சி மட்டாஞ்சேரியில் காப்பிரி முத்தப்பனுக்குக் கள்ளும் சுருட்டும் படைக்கிறார்கள். ஆப்பிரிக்கா நமக்குத் தூரம் இல்லை. நாம்தான் தூரமாக வைத்திருக்கிறோம்.

இதைவிட நெருங்கிய உறவு ஒன்று வியாபாரத்தில் இருக்கிறது. இஸ்லாமிய வீட்டில் பிறந்த ஏழாம் நாள் முடியிறக்கி, அதன் எடைக்கு வெள்ளியைத் தர்மம் செய்கிற வழக்கம் உண்டு. இந்து வீட்டில் குலதெய்வத்துக்கு முதல் மொட்டை. இரண்டிலும் முடி கொடுக்கப்படுகிறது, விற்கப்படுவதில்லை. ஆனால் திருப்பதியிலும் பழநியிலும் இறங்குகிற முடி ஏலத்துக்குப் போகிறது. 1960களின் நடுவில் சீன முடிக்கு அமெரிக்கா தடை விதித்தபோது, இந்திய முடிக்குச் சந்தை விரிந்தது. இன்று அந்த முடியின் கணிசமான பங்கு கறுப்பினப் பெண்களின் தலையில் தைக்கப்படுகிறது, ஒட்டப்படுகிறது. 2009இல் வந்த கிறிஸ் ராக்கின் 'குட் ஹேர்' ஆவணப்படம் இந்தப் பாதையைத் திருப்பதிவரை பின்தொடர்ந்து காட்டியது. தெருத்தெருவாகச் சிக்குமுடி வாங்கிப் போகிறவர்கள் சேர்த்த உதிரிமுடியை எடுத்து, மணிக்கணக்கில் பிரித்துக் கோக்கிற கூலிப் பெண்களைப் பற்றி எம்மா டார்லோ 2016இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். யோசித்துப் பாருங்கள். தலையை விட்டு இறங்கியதால் 'மயிர்' ஆனது, கடல் தாண்டியதும் மறுபடி 'கூந்தல்' ஆகிறது. தன் சுருளை ஒளிக்க வேண்டிய கறுப்பினப் பெண் அதற்கு விலை கொடுக்கிறாள். அதே சுருளோடு பிறந்த தமிழ்ப் பெண் இங்கே இஸ்திரி போட்டுக்கொள்கிறாள். இருவரையும் ஒரே நிலைக்கண்ணாடி முன்னால் நிறுத்தியிருப்பது ஒரே சந்தைதான்.

இதற்கு எதிராக என்ன சொல்லப்பட்டிருக்கிறது? நம்மிடம் பெரியார் சொன்னது, பெண்கள் கிராப் வெட்டிக்கொள்ளுங்கள் என்பது. நேரம் மிச்சம், அடிமைச் சின்னம் ஒழியும். தர்க்கம் சரியானது. ஆனால் அது முடியிலிருந்து விடுதலை, முடிக்கு விடுதலை அல்ல. அமெரிக்காவில் 1960களின் கறுப்பு இயக்கம் மாற்றுப் பாதை எடுத்தது. முடியைச் சுட்டு நேராக்குவதை நிறுத்து, முளைத்தபடியே விடு என்றது. மால்கம் எக்ஸ் தன் தன்வரலாற்றில், இளமையில் காரத்தைத் தடவி முடியை நேராக்கிக்கொண்டதைத் தன்னிழிவின் முதல் படியாகவே வைக்கிறார். இதிலும் கேள்விகள் எழுந்தன. 1987இல் கொபேனா மெர்சர், 'இயற்கையான' முடி என்று ஒன்று இல்லை, எல்லா முடியும் பண்பாட்டின் கைபட்டதே என்று வாதிட்டார். 1994இல் ஏஞ்சலா டேவிஸ், தன் அரசியல் மறக்கப்பட்டுத் தான் ஒரு சிகையலங்காரமாக மட்டும் நினைவுகூரப்படுவதை எழுதினார். இந்த விவாதத்திலிருந்து நாம் எடுக்க வேண்டியது ஒன்று. 'சுருட்டையே அழகு' என்று புதிய கட்டளை பிறப்பிப்பது விடுதலை ஆகாது. நேராக்கிக்கொள்கிற பெண்ணைத் துரோகி என்பதும் ஆகாது. நேராக்காவிட்டால் வேலை இல்லை, மாப்பிள்ளை இல்லை, வகுப்பில் இடமில்லை என்கிற நிலையைத்தான் உடைக்க வேண்டும்.

ஏனென்றால் இதில் உடம்பும் சம்பந்தப்பட்டிருக்கிறது. சுருள்முடியின் வேர்ப்பை வளைந்திருக்கிறது, இழை தட்டையாக இருக்கிறது. தலைத்தோலின் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிவரை இறங்குவதில்லை. அதனால் வறள்கிறது, உலர்ந்த நிலையில் சீப்பை இழுத்தால் முறிகிறது. ஈரத்தில் விரலாலும் அகலப்பல் சீப்பாலும் நுனியிலிருந்து மேலே பிரிக்க வேண்டும். தறிக்காரருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, பாவில் சிக்கு விழுந்தால் இழுக்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். வெந்தயமும் செம்பருத்தி இலையும் அரைத்துத் தேய்த்த கைகளுக்கும் தெரிந்திருந்தது. அந்த அறிவை 'பட்டிக்காடு' என்று தள்ளிவிட்டு, அழகுநிலையத்தில் முடியின் கந்தகப் பிணைப்புகளை வேதிப்பொருளால் உடைத்துக்கொள்கிறோம். 2022இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, முப்பத்துமூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பத்தாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து, நேராக்கும் பொருள்களை அடிக்கடி பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் கூடுதலாக இருப்பதைக் கண்டது. ஆய்வு காட்டுவது தொடர்பைத்தான், காரணத்தை முடிவாக நிறுவவில்லை. ஆனாலும் அடங்குவதற்கு ஒரு விலை உண்டு என்பதைச் சொல்ல இது போதும்.

பையன்களின் கதையும் வேறல்ல. பக்கத்தில் மழித்து மேலே நிறுத்திய முடிக்கு 'புள்ளிங்கோ' என்று பெயர் வைத்துச் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு எந்தத் தெருவை நோக்கிப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நாங்குநேரி கொடூரத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள், மோதிரங்கள், நெற்றிக்குறிகள் பள்ளிக்குள் வேண்டாம் என்றது. வரவேற்கிறோம். ஆனால் கட்டிக்கொண்ட கயிறு வேறு, பிறப்போடு வந்த முடி வேறு. முதலாவதை அவிழ்க்கச் சொல்கிற அதே குரலில் இரண்டாவதையும் அமுக்கச் சொல்ல எந்தத் தலைமையாசிரியருக்கும் உரிமை கிடையாது. கலிபோர்னியா 2019இல், முடியின் இயல்பை வைத்து வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது, பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தொடர்ந்தன. பிரிட்டோரியாவில் 2016இல் பள்ளி மாணவிகளே தங்கள் முடிக்காகப் போராடினார்கள்.

நம் சட்டம் மழிப்பதைக் குற்றம் என்கிறது. வைத்திருப்பதை உரிமை என்று அது இன்னும் சொல்லவில்லை. தோலின் கறுப்பைப் பற்றி ஓயாமல் எழுதுகிற நம் முற்போக்குப் பேச்சும் முடியிடம் வரும்போது வாயடைத்துப்போகிறது. தொடங்க வேண்டிய இடம் சிறியது. வகுப்பில் ஒரு பிள்ளையைப் 'பரட்டை' என்று ஆசிரியர் கூப்பிட்டால் அதைப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்பது. சீருடை விதியில் 'படிய வாரிய' என்று இருந்தால் அதை எடுக்கச் சொல்வது. அதற்கு இயக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.